அப்பாவுக்குக் கணக்குப் புரியாதா?

கேள்வி: போச்சம்பள்ளி அருகே எங்கள் கிராமம். மெக்கானிக்கல் பொறியியல் முடித்து (சிஜிபிஏ 7.1) இரண்டு ஆண்டுகளாக ஓசூரில் வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 30 லட்சம் ஆகும் என்கிறார் பெங்களூரு ஆலோசகர். எங்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. மாந்தோப்பை அடமானமாக வங்கி ஏற்கவில்லை. தனியார் நிதி நிறுவனம் ஒன்று எங்கள் வீட்டின் பேரில் 11 சதவீத வட்டிக்குத் தருகிறது. அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் போகலாமா, ஜெர்மனிக்கு முயலலாமா?

பதில்: தம்பி, போவதைப் பிறகு பார்ப்போம். "அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

தை மாதம் பூ பிடிக்கும்போதே மரத்தை அண்ணாந்து பார்த்து, இத்தனை டன் தேறும் என்று குத்தகை பேசுகிறவர்கள் உங்கள் பக்கத்து விவசாயிகள். மாங்கூழ் ஆலையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் யாருக்கு எவ்வளவு பாக்கி நிற்கும் என்று காகிதம் இல்லாமல் சொல்வார்கள். அவருக்கா கணக்குப் புரியாது? நீ சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயப்படுகிறாய்.

நான் சொல்கிறேன், அவருக்குப் படித்துக் காட்டு. 30 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 27,500 ரூபாய். நீ படிக்கிற காலத்திலும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். படிக்கிற காலத்தில் ஏறிய வட்டியைச் சேர்க்காமல், 30 லட்சத்தை மட்டும் அதே 11 சதவீத வட்டியோடு பத்து ஆண்டில் அடைப்பதாக வைத்தாலும் தவணை மாதம் 41,000-ஐத் தாண்டும். உன் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. உன்னோடு சேர்ந்து கடன் வாங்குகிறார். நீ கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும்.

வங்கி தோப்பை ஏன் ஒதுக்கியது தெரியுமா? நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிவிடும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்தைத் தொட விடுவதில்லை. வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. கடன் 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் பெரிய தனியார் நிதி நிறுவனங்களும் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். அடுத்தது, 60 நாளில் பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி ஒரு நோட்டீஸை நாலாக மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்த அதில் தன் பெயரை மட்டும் விரலால் தொட்டு, "இதில் என் பெயர் எதற்கம்மா?" என்று கேட்டார். மகன் அவரிடம் சொல்லவே இல்லை.

பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றவர் கடமை என்றால், உன் அப்பா அதைப் பொறியியலோடு முடித்துவிட்டார். இனி அவர் தருவது மனதாரத் தருவது. எதைத் தருகிறோம் என்று தெரியாமல் ஒருவர் எப்படி மனதாரத் தர முடியும்?

இந்தக் கடனில் இங்கிலாந்து வேண்டாம். ஆலோசகருக்குக் கமிஷன் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது; ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படித் தருவதில்லை. படிப்பு முடிந்து இங்கிலாந்தில் தங்கி வேலை தேட இருந்த இரண்டு ஆண்டு அனுமதியும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதைவிட அதிகம் வாங்குகிறது. விசாவுக்கு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ, அதாவது 12 லட்சம் ரூபாய்க்கு மேல் காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாக உன் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உனக்கே வரும். உன் இந்தியப் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். அங்கே ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி இருக்கிறது. இரண்டாம் ஆண்டுச் செலவுக்கு அது கைகொடுக்கும்.

ஆனால் இடம் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைக்காதே. தேர்ச்சி எல்லை 5 என்று வைத்தால், உன் 7.1 ஜெர்மன் அளவில் சுமார் 2.7 ஆகும். அங்கே எண் குறையக் குறையத்தான் மதிப்பு. பல படிப்புகள் 2.5-க்குள் கேட்கின்றன. அந்த வரம்பு இல்லாத படிப்புகளைத் தேடு, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.5 எடு, சம்பளத்தில் மிச்சம் பிடி. ஓராண்டு தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து பஸ் ஏறு. போனில் பேசி முடிக்காதே. அந்த நிதி நிறுவனத்தின் கடிதத்தை எடுத்துப்போய், ஒரு வரி விடாமல் தமிழில் சொல். அம்மாவும் பக்கத்தில் உட்காரட்டும், அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். அப்பா வேண்டாம் என்றால் எதிர்த்துப் பேசாதே. அவர் முதலில் என்ன கேட்டார் என்பதை மட்டும் எனக்கு எழுது.