கேள்வி-பதில்: சலமாங்காவில் மறுக்கப்பட்ட மாணவர்

கேள்வி: பிரான்சிஸ்கோ சுவாரெஸ் என்ற இறையியலாளரை, அறிவு போதாது என்று கூறி இயேசு சபை முதலில் சேர்க்க மறுத்ததாக எங்கள் பங்கு ஆலயத்தில் மறையுரை ஒன்றில் கேட்டேன். இது உண்மைதானா? அப்படிப்பட்டவர் பல்கலைக்கழகத்தில் எவ்வாறு பாடம் நடத்தினார்?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், எலத்தகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உண்மைதான். ஸ்பெயினின் கிரனாடாவில் 1548ஆம் ஆண்டு பிறந்த சுவாரெஸ், சலமாங்கா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது 1564இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர விரும்பினார். உடல்நலமும் அறிவுக்கூர்மையும் போதா என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடாமல் சபையின் மாநிலத் தலைவரை அணுகியதால், குருவாவதா, குருப்பட்டம் பெறாத துணைச் சகோதரராவதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின்பேரில் சேர்த்துக்கொண்டனர். மெய்யியல் வகுப்பில் முதலில் அவர் தடுமாறியதும் மெய்யே. மறையுரைகளில் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில் ஆசிரியராகிய தாங்கள் அறிய வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

அக்காலத்து ஆசிரியர்களில் பலர், தாங்கள் மாணவர்களாக இருந்தபோது எழுதி வைத்த குறிப்பேடுகளையே வகுப்பில் திரும்ப வாசித்தார்கள். சுவாரெஸோ ஒவ்வொரு கேள்வியையும் அதன் வேர்வரை துருவி, முன்னோர் கூறியவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டு, தம் முடிவைக் காரணங்களோடு எடுத்துரைத்தார். இதனால் புதுமைகளைப் புகுத்துகிறார் என்ற புகார் எழுந்தது. 1579இல் சபையின் உலகத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், குறிப்பேட்டை நம்பாமல் மூலத்தைத் தேடிச் செல்லும் முறையில்தான் தாம் பிறரிடமிருந்து வேறுபடுவதாக அவர் விளக்கினார். நோட்ஸ் எழுதிப்போடுபவரே நல்ல ஆசிரியர் என்று எண்ணும் நம் பெற்றோர்கள் இக்கடிதத்தைப் பற்றி அறிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பின்னர் ரோமிலும் அல்கலாவிலும் சலமாங்காவிலும் கற்பித்த அவரை, ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஆண்ட மன்னர் இரண்டாம் பிலிப்பு போர்ச்சுகலின் கோயம்ப்ரா பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக நியமித்தார். இயேசு சபை மறைப்பணியாளர் ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது சுவாரெஸ் கோயம்ப்ராவில்தான் கற்பித்து வந்தார். அங்கு அளித்த விரிவுரைகளிலிருந்து உருவான, சட்டங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1612இல் வெளிவந்தது. அரசியல் அதிகாரம் கடவுளிடமிருந்து மக்கள் சமூகத்துக்கு வந்து, அச்சமூகத்தின் வழியாகவே மன்னரைச் சேர்கிறது என்று அதில் வாதிட்டார். அவர் இறந்தது 1617இல், லிஸ்பனில்.

கோயம்ப்ராவுக்கு அவர் வந்தபோது, முறையான முனைவர் பட்டம் இல்லை என்று அங்கிருந்தோர் தடை எழுப்பினர். மெய்ப்பொருளியல் (மெட்டாபிசிக்ஸ்) குறித்த 54 ஆய்வுரைகளைக் கொண்ட அவருடைய தலைசிறந்த நூல் வெளிவந்த அதே 1597ஆம் ஆண்டில், ஏறத்தாழ கால் நூற்றாண்டு கற்பித்து முடித்திருந்த அவர், போர்ச்சுகலின் எவோரா பல்கலைக்கழகத்துக்குச் சென்று அந்தப் பட்டத்தைப் பெற்று வந்தார்.