கொரோனா காலமும் தொகுதி அலுவலகமும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்காவில் ஒரு மாநில செனட்டரின் (மாநிலச் சட்டமன்ற மேலவை உறுப்பினர்) தொகுதி அலுவலகத்தில் 2020, 2021 இரண்டு வருடமும் வேலை பார்த்தேன். மக்களிடமிருந்து வரும் போன், மெயில் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கொரோனா நேரத்தில் உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்குத் தகவல் சொன்ன விதம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, உத்தரவு போட்டது கவர்னர், விதிமுறை சொன்னது சுகாதாரத் துறை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு இதில் என்ன வேலை?

உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை, உண்மைதான். சட்டமும் பட்ஜெட்டும்தான் சட்டமன்றத்தின் வேலை. 2020 மார்ச்சில் பல மாநிலங்களில் கூட்டத்தொடரையே ஒத்திவைத்துவிட்டார்கள். ஆனால் உத்தரவு வந்த மறுநிமிடம் மக்கள் கூப்பிடுவது இவரைத்தான். "சலூன் திறக்கலாமா?", "அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகலாமா?" கவர்னர் அலுவலகத்துக்கு லைன் கிடைக்காது. இங்கே ஒரு மனுஷக் குரல் போனை எடுக்கும். உத்தரவைப் படித்து, நம் வீட்டுக்கும் கடைக்கும் அது என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். எங்கே பொருந்தவில்லையோ அதை மேலே எடுத்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

வசதி எல்லாருக்கும் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் ஒரு மாநில செனட்டருக்குச் சுமார் 10 லட்சம் மக்கள், அதற்கேற்ற ஊழியர்கள். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் மக்கள், வருடச் சம்பளம் 100 டாலர். அங்கே உறுப்பினரேதான் போனை எடுப்பார்.

முதலில் மாஸ்க் வேண்டாம் என்று மெயில், அப்புறம் போடுங்கள் என்று மெயில். இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் யாரை நம்புவது?

2020 ஏப்ரல் 3 வரை, உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றுதான் சிடிசி (மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையம்) சொல்லிவந்தது. அன்றைக்குத்தான் வெளியே போகும்போது துணி மாஸ்க் போடச் சொன்னது. அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் தொற்று பரவுகிறது என்று தெரியவந்ததுதான் காரணம். மாற்றிச் சொன்னதில் தப்பில்லை. ஏன் மாறியது என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு, அதை நாங்களும் செய்தோம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பெரியவர் போன் செய்தார். "உங்கள் செனட்டரே வேண்டாம் என்கிறார், என் மருமகள் போடச் சொல்லி உயிரை வாங்குகிறாள்" என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் வந்ததை வரிவரியாகப் படித்துக் காட்டினார். நான் மார்ச்சில் டைப் செய்த வரிகள். மெயிலுக்குள் எங்கேயும் தேதி இல்லை. யாரோ காப்பி செய்து அனுப்பியது ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் சொல்வதுதான் சரி என்று அவருக்குப் புரியவைக்க இருபது நிமிடம் ஆனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மெயிலிலும் முதல் வரி தேதியும் நேரமும். இரண்டாவது வரி: "போன தடவை சொன்னதில் மாறியது இது, காரணம் இது." மற்றதெல்லாம் அதற்குக் கீழே. எந்த உறுப்பினர் அலுவலகத்திலாவது உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இந்த இரண்டு வரியை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

வேலை போய் ஆறு வாரம் உதவித்தொகை வரவில்லை. உறுப்பினரிடம் சொன்னதும் வந்தது. தற்செயலா?

இல்லை. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டம் (கொரோனா நிவாரணச் சட்டம்) வேலை போனவர்களுக்கு வாரத்துக்குக் கூடுதலாக 600 டாலர் தந்தது. பணம் மத்திய அரசுடையது, பட்டுவாடா செய்தது மாநிலத் தொழிலாளர் துறை. அந்த மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேல் புது விண்ணப்பங்கள். பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. அவற்றில் இருந்த கோபோல் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூஜெர்சி கவர்னர் வெளிப்படையாகவே கேட்டார்.

துறையில் எங்களுக்கென்று தொடர்புக்கு ஓர் ஆள் உண்டு. பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் சிக்கியிருக்கும். நம்மவர்களுக்குப் பெயர்! அப்பா பெயர் ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். உங்கள் சார்பில் விசாரிக்க நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். முதல் போனிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அமெரிக்க அரசு ஆளுக்கு ஒன்றாகத் தரும் எண்) சாதாரண மெயிலில் அனுப்பாதீர்கள்.

எங்கள் தெருவில் யாருக்குத் தொற்று என்று கேட்டால் சொல்வார்களா?

மாட்டார்கள். உறுப்பினருக்கே தெரியாது, தெரியவும் கூடாது. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) போன்ற பெரிய பகுதிக்கான எண்ணிக்கைதான் கிடைத்தது.

எங்கள் சங்கத்தில் செனட்டரின் மெயிலைத் தமிழில் போட்டோம். பெரியவர்கள் குழம்பினார்கள். எங்கே பிசகியது?

எனக்கும் நடந்தது. குவாரன்டீன், ஐசொலேஷன் இரண்டையும் நாம் "தனிமைப்படுத்தல்" என்றே எழுதிவிட்டோம். முதலாவது, நோயாளியோடு பழகியவர் தனக்கு வருகிறதா என்று காத்திருப்பது. இரண்டாவது, நோய் வந்தவர் மற்றவர்களுக்குத் தராமல் ஒதுங்கியிருப்பது. ஒரே சொல்லைப் போட்டால், "எனக்குக் காய்ச்சலே இல்லையே, நான் ஏன்?" என்று தாத்தா கேட்கத்தான் செய்வார். சொல்லை விட்டுவிட்டு நடப்பதை எழுதினேன்: "காய்ச்சல் வந்தவர் தனி அறையில், தனித் தட்டில். அவரோடு இருந்தவர், காய்ச்சல் இல்லாவிட்டாலும், வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது." அதற்கப்புறம் சந்தேகம் கேட்டு யாரும் கூப்பிடவில்லை.

குறை சொன்னதற்கு உறுப்பினர் என்னை ஃபேஸ்புக்கில் பிளாக் செய்தார். செய்யலாமா?

பக்கம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. மிச்சிகனில் போர்ட் ஹியூரான் நகர மேலாளர், குடும்பப் படங்கள் போடும் பக்கத்திலேயே கொரோனா தகவலும் போட்டு, குறை சொன்னவரை பிளாக் செய்தார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் சார்பில் பேசும் அதிகாரம் நிஜமாகவே இருந்து, அதைப் பயன்படுத்தித்தான் பதிவு போட்டார் என்றால் மட்டுமே அது அரசின் செயல் என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அரசின் செயல் என்றால்தான் பேச்சுரிமையை மீறினார் என்று கேட்க முடியும். அலுவலகப் பக்கம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும், சொந்தப் பக்கம் என்றால் கஷ்டம். சட்டம் எப்படியோ, பிளாக் ஆனவருக்கு அடுத்த நாள் பரிசோதனை முகாம் எங்கே என்ற அறிவிப்பும் போய்ச் சேராது. கோபமாகப் பேசுபவருக்கும் அது தேவை.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து மாட்டிக்கொண்டார்கள். மூன்று மெயிலுக்கு "காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரைப் பாருங்கள்" என்று ஒரே வரி பதில். கைகழுவியதுதானே?

விசா மத்திய அரசு விஷயம், மாநில அலுவலகம் அதில் கை வைக்க முடியாது. ஆனால் ஒரு வரி போதாது. தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 படிவத்தை, ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவு) தேதி முடிவதற்குள் போட வேண்டும் என்பதையும், காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலக போன் நம்பரையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் உங்கள் முதல் மெயிலுக்கே.