கண் நோய்கள்: புதிய ஆய்வுகள் உங்களுக்கு எதைத் தருகின்றன? (கேள்வி பதில்)

வந்த கேள்விகளில் பாதி, "வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தது, உண்மையா டாக்டர்?" என்ற வகை. அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை முழுப் பொய் அல்ல. யாரிடம் சோதித்தார்கள், எதை அளந்தார்கள் என்ற இரண்டும் மட்டும் விடுபட்டிருக்கும். விழித்திரைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல முயல்கிறேன். ஸ்கேன் படங்களை அனுப்பி மருந்து கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். கண்ணைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

கேள்வி (விழுப்புரம்): அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை வேண்டாம், சொட்டு மருந்திலேயே கரைத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

2015-இல் 'நேச்சர்' இதழில் லானோஸ்டெரால் என்ற பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. புரை இருந்த நாய்களின் கண்களில் அதைச் செலுத்தியபோது விழிவில்லை தெளிவடைந்தது. செய்தி அங்கிருந்துதான் கிளம்பியது. பிறகு இந்திய மருத்துவர்களே, அறுவையில் எடுத்த மனிதப் புரையை அந்தக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்துப் பார்த்தார்கள். கரையவில்லை. மனிதருக்குப் புரையைக் கரைக்கும் என்று நிரூபணமான சொட்டு மருந்து இன்றுவரை கிடையாது. "நன்றாக முற்றட்டும்" என்று காத்திருப்பதும் பழைய காலத்துப் பேச்சு. முற்றி இறுகிய புரையை எடுப்பதுதான் கடினம். அம்மாவுக்கு அன்றாட வேலை தடைப்படுகிறதென்றால் அறுவை செய்துவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): அப்பாவுக்கு 74 வயது. விழித்திரை நடுவில் கசிவு என்று மாதாமாதம் கண்ணில் ஊசி போடுகிறார்கள். ஓர் இடத்தில் சில ஆயிரம், இன்னோர் இடத்தில் பல மடங்கு. விலை அதிகமானதுதான் நல்லதா? எத்தனை காலம் போட வேண்டும்?

முதலில் ஊசியைப் பற்றிய பயம். கருவிழியில் குத்துவதாகத்தான் எல்லோரும் கற்பனை செய்துகொண்டு வருவார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, பெட்டாடைன் ஊற்றி, இமையை ஒரு கிளிப்பால் விலக்கி, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் தள்ளி வெண்விழியில் முடியளவு ஊசியை இறக்குகிறோம். மருந்தின் அளவு பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு துளி. பெட்டாடைன் எரிச்சல்தான் அன்றைக்குப் பெரிய தொல்லை.

விலைக்கு வருவோம். புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை இந்த மருந்துகள் தடுக்கின்றன. ரானிபிசுமாப் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் நெருங்கிய உறவான பெவாசிசுமாப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் போட்டால் செலவு மிகக் குறைவு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அமெரிக்க அரசு நிதியில் நடந்த பெரிய ஆய்வின் முதல் முடிவு 2011-இல் வந்தது. ஒரே கால இடைவெளியில் போட்டபோது, ஓராண்டு முடிவில் பார்வையில் இரண்டும் சமம். ஆகவே மலிவான ஊசி போடுகிறார்கள் என்பதற்காக மருத்துவமனையை மாற்ற வேண்டாம். ஆனால் ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கும் இடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

புதியவை விலை கூடியதற்குக் காரணம் வேறு. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாப், 2023-இல் வந்த 8 மில்லிகிராம் அஃப்லிபெர்செப்ட் ஆகியவற்றின் பலன் இடைவெளியில்தான். ஃபாரிசிமாப் ஆய்வுகளில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் முதலாண்டின் முடிவில் நான்கு மாதத்துக்கு ஓர் ஊசியில் தாக்குப்பிடித்தார்கள். பார்வை கூடுதலாகத் தெளிந்துவிடவில்லை. பேருந்து ஏறி, துணைக்கு ஆள் தேடி, விடுப்பு எடுத்து அழைத்து வருகிற குடும்பத்துக்கு ஓர் ஊசி குறைவதே பெரிது என்றால், அந்த விலையை யோசிக்கலாம். எத்தனை காலம் என்ற கேள்விக்கு விடை ஸ்கேனில் இருக்கிறது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது" என்று நடுவில் நிறுத்தி, தழும்பு விழுந்த பிறகு வருபவர்களுக்கு எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

கேள்வி (நியூ ஜெர்சி, மகன் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா): விழித்திரை நடுப்பகுதி முதுமையில் சிதையும் நோயில், எனக்கு இருப்பது கசிவில்லாத உலர் வகையாம். அதற்கும் இப்போது ஊசி வந்துவிட்டதாமே? வைட்டமின் மாத்திரை போதுமா?

அம்மா, வந்திருப்பது உண்மை. பெக்செட்டகோப்ளான், அவாசின்காப்டட் பெகால் என்ற இரண்டு ஊசிகள் 2023-இல் உங்கள் ஊரில் அனுமதி பெற்றன. அங்கே அளந்தது, விழித்திரையில் செத்துப்போன திட்டு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை. அந்த வேகம் ஓரளவு குறைந்தது. முதல் மருந்தில் இரண்டாண்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நோயாளிகள் கூடுதலாக எழுத்துகளைப் படித்தார்கள் என்று காட்ட முடியவில்லை. அதைக் காரணமாக்கித்தான் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2024-இல் பெக்செட்டகோப்ளானை ஏற்கவில்லை. ஊசியால் கசியும் வகை கிளம்புவதும் சிலருக்கு நடக்கிறது. ஒரே தரவை வைத்து அமெரிக்க, ஐரோப்பிய ஆணையங்கள் இரண்டு முடிவு எடுத்தன. எனக்கு ஐரோப்பியர் பக்கம்தான் சாய்வு. திட்டு நடுப்புள்ளியை இன்னும் தொடாதவர்களுக்கு மட்டும் பேசிப் பார்க்கலாம்.

வைட்டமின் மாத்திரை நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குத்தான். முதல் பெரிய ஆய்வில், முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்தை அது கால் பங்கு குறைத்தது. தொடக்க நிலையில் பயன் தெரியவில்லை. 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வுக்குப் பிறகு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன், சியாசாந்தின் சேர்த்தார்கள். புகைத்தவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியதுதான் காரணம்.

முற்றியவர்களுக்கு இப்போது பேசப்படுவது பிரிமா என்ற சில்லு. 2 மில்லிமீட்டர் சதுரம், விழித்திரைக்கு அடியில் வைப்பது. கேமரா பொருத்திய கண்ணாடி அகச்சிவப்புக் கதிரால் அதற்குப் படம் அனுப்பும். 2025 அக்டோபரில் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 38 பேருக்கு வைத்தார்கள். ஓராண்டு வரை வந்த 32 பேரில் 26 பேர் பார்வைப் பலகையில் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறினார்கள். கிடைப்பது கறுப்பு வெள்ளை எழுத்து; பேரன் முகம் பழையபடி தெரியாது. மாதக்கணக்கில் பயிற்சியும் வேண்டும். அப்படியிருந்தும், இந்தப் பட்டியலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். செத்த திட்டின் மேலேயே எழுத்தைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (திருவாரூர்): அறுவடையில் நெல் உமி கண்ணில் அடித்தது. மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விட்டேன். நான்கு நாளாகிறது, சிவப்பும் வலியும் கூடுகிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. என்ன செய்யலாம்?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். கருவிழி மருத்துவர் இருக்கிற ஊருக்கு இன்றைக்கே போக வேண்டும். வாங்கிய சொட்டு மருந்துப் புட்டியைக் கையோடு கொண்டு போங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அவர்களுக்கு அது தெரிய வேண்டும். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விடுவது பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான்.

மற்றவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உமி, சோளத்தோகை, கரும்புத் தோகை கீறிய இடத்தில் நம் ஊரில் அதிகம் முளைப்பது பூஞ்சை, குறிப்பாக ஃப்யூசேரியம் என்ற வகை. விளக்கு நுண்ணோக்கியில் பார்த்தால் புண்ணின் ஓரம் இறகு போல் பிரிந்திருக்கும், சுற்றிலும் குட்டிப் புள்ளிகள் இருக்கும். புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நூல் நூலாகப் பூஞ்சை தெரியும். அந்தச் சுரண்டல் வலிக்குமே என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். மருந்தே அதை வைத்துத்தான் முடிவாகிறது.

இந்தப் புண்ணுக்கு எது நல்ல மருந்து என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவும் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் நடத்தி, 2013-இல் வெளியிட்டார்கள். புதிய மருந்து வோரிகோனசோல், பழைய மருந்து நாட்டமைசின். கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும் வோரிகோனசோல்தான் வெல்லும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். பழையதுதான் வென்றது. ஃப்யூசேரியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. நாட்டமைசின் பால் போன்ற கலங்கல். குலுக்கித்தான் விட வேண்டும். இமை ஓரத்தில் வெள்ளையாகத் தங்கும். அதைச் சீழ் என்று பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். தொடக்கத்தில் மணிக்கொரு சொட்டு, இரவும் விட வேண்டியிருக்கும், ஆறுவது வாரக்கணக்கில்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. நேபாளத்தின் பக்தப்பூரில் கிராம ஊழியர்களை வைத்து, கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிக்கால் களிம்பு மூன்று நாள் போட்டார்கள். 2001-இல் முடிவு வந்தது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண்ணாகவில்லை. ஒரு நாள் கடந்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண்ணானது. பிறகு மதுரை வட்டாரக் கிராமங்களிலும் இப்படிச் செய்து பார்த்து நல்ல பலன் கண்டார்கள். நாக்கால் தடவி உமி எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது இவற்றில் கழியும் அந்த முதல் நாள்தான் கண்ணைத் தீர்மானிக்கிறது. கதிரடிக்கும்போது ஒரு சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கண் நீர் அழுத்த நோய்க்கு வாழ்நாள் முழுக்கச் சொட்டு விடச் சொல்கிறார்கள். லேசர் போதும் என்று லண்டனில் இருக்கும் தம்பி சொல்கிறார்.

தம்பி சொல்வது பிரிட்டனில் நடந்த 'லைட்' ஆய்வு. 2019-இல் 'லான்செட்' இதழில் வந்தது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு கண் நீர் வடியும் வழியைச் சீராக்கும் எஸ்எல்டி லேசரை முதலிலேயே செய்ததில், மூன்றாண்டு முடிவில் 74 சதவீதம் பேர் சொட்டே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஆறாண்டிலும் அது 70 சதவீதம். சொட்டை மறப்பவர்களுக்கு, வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது கோணம் (கண் நீர் வடியும் இடம்) திறந்த வகைக்கு. நம்மிடையே கோணம் மூடிய வகையும் கணிசம், அதற்கு வேறு லேசர், வேறு வழி. "என் கோணம் திறந்திருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். போன பார்வையைச் சொட்டும் மீட்காது, லேசரும் மீட்காது.

கேள்வி (மதுரை, 22 வயது மாணவர்): எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போடும் ஓர் இடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

தம்பி, ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்ட வேண்டாம். 2017-இல் அமெரிக்க மருத்துவ இதழில் மூன்று பெண்களின் கதை வந்தது. ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டார்கள், தலைக்கு 5,000 டாலர் வாங்கிக்கொண்டு. மூவருக்கும் இருந்த பார்வையும் போனது. ஒழுங்கான ஆய்வில் நோயாளியிடம் சிகிச்சைக் கட்டணம் வாங்க மாட்டார்கள், ஒரே நாளில் இரண்டு கண்ணையும் தொட மாட்டார்கள். இந்த இரண்டையும் வைத்தே ஆளை எடைபோடலாம்.

மரபணு சிகிச்சை உண்மை. லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவின் கோளாறுக்கு மட்டும். உங்கள் நோயை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் எண்பதுக்கும் மேல். விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8.5 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. உங்களுக்கு இப்போது தேவை எந்த மரபணு என்று தெரிந்துகொள்ளும் பரிசோதனை. சென்னை, மதுரை, ஹைதராபாத்தின் பெரிய கண் மருத்துவமனைகளில் வழி சொல்வார்கள். நாளை ஆய்வுக்கு ஆள் எடுத்தால் அந்தப் பரிசோதனைத் தாள் இருப்பவரைத்தான் எடுப்பார்கள். மரபணு எதுவானாலும் பயன்படக்கூடிய இன்னொரு பாதை ஒளிமரபியல்: மிஞ்சியிருக்கும் விழித்திரை செல்களுக்கு ஒளியை உணரும் மரபணுவைக் கொடுப்பது. 2021-இல் பாரிஸ் குழுவின் அறிக்கையில், 58 வயதுக்காரர் ஒருவர் சிறப்புக் கண்ணாடியோடு மேசைமேல் இருந்த பொருள்களைக் கண்டு தொட்டார். தொடக்கம்தான் அது. திருமணப் பேச்சு வரும்போது சொந்தத்துக்குள் வேண்டாம் என்று வீட்டில் துணிந்து சொல்லுங்கள். பெற்றோரை இதற்காகக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): மகனுக்கு எட்டு வயது, பவர் ஏறிக்கொண்டே போகிறது. அட்ரோபின் சொட்டு தரலாமா? நீல ஒளி தடுக்கும் கண்ணாடி உதவுமா?

நீலக் கண்ணாடிக்குப் பதில் ஒரு வரி: 2023-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைப் பார்த்து எழுதிய அறிக்கையில், கண் சோர்வுக்குக்கூடக் குறுகிய காலப் பலன் தெரியவில்லை.

கிட்டப்பார்வை வளர்வதை மெதுவாக்கும் அட்ரோபின் ஆய்வில் உங்கள் ஊர்தான் முன்னோடி. 0.01 சதவீதச் சொட்டு அங்கிருந்துதான் பரவியது. பிறகு ஹாங்காங் ஆய்வில் 0.05 சதவீதமே அதிகம் உதவியது. 2023-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 0.01-க்கும் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை. எனவே எந்த அளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இளைய குழந்தை இருந்தால் இதையும் படியுங்கள்: சீனாவின் குவாங்சோவில் பள்ளி நாளில் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டினார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. ஏற்கெனவே பவர் உள்ள பிள்ளைக்கு இதனால் கிடைக்கும் பலன் அவ்வளவு உறுதியில்லை. ஆனாலும் அனுப்புங்கள், வெயிலில் ஆடட்டும்.

கேள்வி (சேலம்): சர்க்கரை இருக்கிறது. கொழுப்பு மாத்திரை ஒன்று விழித்திரையைக் காக்குமாமே?

ஃபெனோஃபைப்ரேட். ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வந்தது. விழித்திரைப் பாதிப்பு முற்றியதோ சிகிச்சை தேவைப்பட்டதோ மாத்திரை எடுத்தவர்களில் 22.7 சதவீதம், எடுக்காதவர்களில் 29.2. பழைய மலிவான மாத்திரை என்பதால் இதை விளம்பரப்படுத்த ஆளில்லை. சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு, சர்க்கரை மருத்துவரிடம் பேசுங்கள். தொடக்க நிலைப் பாதிப்பு இருப்பவர்களுக்குத்தான் இது. பார்வை மங்கிய பிறகு ஊசியும் லேசரும்தான்.

கேள்வி (சென்னை): வெள்ளெழுத்துக்குச் சொட்டு மருந்து விட்டால் படிக்கும் கண்ணாடியே வேண்டாமா?

சில மணி நேரத்துக்கு. பைலோகார்பின் சொட்டு கண் பாப்பாவைச் சுருக்கிக் கிட்டத்தில் தெளிவு தருகிறது. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் இதே வகைச் சொட்டு ஒன்றுக்கு, மிகையாக விளம்பரம் செய்ததால், 2024 செப்டம்பரில் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். விட்டால் மங்கலான வெளிச்சத்தில் இருட்டாகத் தெரியும், சிலருக்குத் தலைவலி. அபூர்வமாக விழித்திரை கிழியலாம். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் விழித்திரையின் ஓரம் வரை பரிசோதிக்காமல் இதைத் தொட வேண்டாம்.