அப்பா ஒருமுறை சொல்லிவிட்டார்

வணக்கம் அங்கிள்,

உங்களை நேரில் தெரியாது. ஆனாலும் அங்கிள் என்றுதான் எழுத வருகிறது. எனக்கு 26 வயது, ஸ்காபரோவில் பிறந்தவள். அப்பா 1990இல் அகதியாகக் கனடா வந்தவர். எந்த வழியாக வந்தார், எத்தனை மாதம் எடுத்தது என்று கேட்டால் "பழைய கதை, விடு" என்பார். போன மாதம் பேஸ்மென்டைத் துப்புரவாக்கும்போது அவருடைய கேஸ் ஃபைல் அகப்பட்டது. நாலு பக்கத்தில் அவர் கதை ஆங்கிலத்தில் டைப் செய்யப்பட்டிருக்கிறது. வாசித்துவிட்டு அழுதேன். ஆனால் அது அப்பா பேசுகிற மாதிரியே இல்லை. எங்களிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஆட்களிடம் எப்படிச் சொன்னார்? அதில் உள்ளதெல்லாம் உண்மைதானா என்று அவரிடம் கேட்கலாமா?

எஸ்.

அன்பின் எஸ்.,

அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். "உண்மைதானா?" என்று அவரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

1985க்கு முன்னர் கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவரை ஓர் அதிகாரி விசாரிப்பார். அந்தப் பதிவு ஒட்டாவாவுக்குப் போகும். முடிவெடுப்பவர் ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் தொடுத்த சிங் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. ஆறு நீதிபதிகள். மூவர் 1982இன் உரிமைகள் சாசனத்தைப் பிடித்தார்கள். அதன் 7ஆம் பிரிவில் 'குடிமக்கள்' என்று இல்லை, 'எல்லோரும்' என்றுதான் இருக்கிறது. கனடா மண்ணில் நிற்கிற எவரும் அதில் அடக்கம் என்றார்கள். மற்ற மூவர் 1960இன் உரிமைச் சட்டத்தின் வழியாக அதே முடிவுக்கு வந்தார்கள். சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி வந்தால் ஆளை நேரில் கேட்க வேண்டும். 1989 ஜனவரியில் அதற்கென்று தனிச் சபையே தொடங்கியது. நாங்கள் 'ஹியரிங்' என்று சொல்வது இதைத்தான். அந்த நாளில் இரண்டு பேர் இருந்து கேட்பார்கள்; ஒருவர் நம்பி மற்றவர் நம்பாவிட்டால், பொதுவாக முடிவு நமக்குச் சார்பாகத்தான் வரும்.

நல்ல சட்டம். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். ஆனால் நேரில் கேட்பதென்றால் கதையை அவர்கள் கேட்கிற வரிசையில் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எந்தத் திகதி, யார் செய்தது, திரும்பிப் போனால் என்ன நடக்கும்.

என் ஹியரிங் 1995இல் நடந்தது. ஃபோமில் இரண்டு அக்காமார், சகோதரர் இல்லை என்று எழுதியிருந்தேன். விசாரணையில் "தம்பியோடதான் கொழும்புக்கு வந்தனான்" என்று சொல்லிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் 'இளைய சகோதரன்' ஆக்கினார். எதிரே இருந்தவர் பேனையை வைத்துவிட்டு, "உங்களுக்குச் சகோதரர் இல்லை என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். சின்னம்மாவின் மகனைத் தம்பி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? விளங்கப்படுத்த இருபது நிமிஷம் போனது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் 'என் தாயின் தங்கையின் மகன்'. அப்படிச் சொல்லச் சொல்ல அவன் யாரோ ஒருவன் ஆகிக்கொண்டிருந்தான்.

அந்தத் தம்பியும் நானும் 1993இல் இரவு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தோம். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கியிருந்தேன். அது நனையக்கூடாதென்று ஷொப்பிங் பையில் சுற்றி, அக்கரை வரும்வரைக்கும் மடியில் வைத்திருந்தான். தன் செருப்பைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டான். இதை லோயரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சப்பாத்து வேண்டாம், திகதியைச் சொல்லுங்கோ" என்றார். அவர் சொன்னதும் சரிதான், சப்பாத்தை வைத்து ஒருவரும் கேஸ் வென்றதில்லை. உங்கள் அப்பாவின் நாலு பக்கத்திலும் இப்படித்தான் பல சப்பாத்துகள் வெளியே நிற்கும். அவர் பேசுகிற மாதிரி இல்லை என்று உங்களுக்குத் தோன்றியது இதனால்தான். பொய் எழுதியிருக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

வழியைப் பற்றி வாய் திறக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களை ஏற்றிவந்து படகில் இறக்கிவிட்ட கப்பல் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது என்பது சில நாட்களில் வெளிவந்தது. இரக்கப்பட்ட பலருக்கே கோபம் வந்தது. இருக்க அனுமதி கிடைத்தது, ஆனால் 'பொய் சொன்னவர்கள்' என்ற பேச்சும் கூடவே நின்றது. அப்புறம் வந்தவர்களுக்கு, காசு வாங்கி ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் முதலில் சொல்லிக்கொடுத்தது, வழியை மட்டும் சொல்லாதே என்பதுதான். லாண்டட் பேப்பர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து, குடியுரிமை எடுத்து, வீடு வாங்கின பிறகும் அந்தப் பயம் போகவில்லை. பிரஜாவுரிமை எடுத்த ஒரு நண்பர் இன்றைக்கும் தான் இறங்கிய விமான நிலையத்தின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். அப்போது எங்கள் வீட்டில் அவரைத் தவிர என் மனைவியும் நானும் மட்டும்தான் இருப்போம்.

ஆக, எப்படி வந்தீர்கள் என்று தொடங்க வேண்டாம். அது அவருக்கு ஹியரிங் மாதிரியே இருக்கும். ஃபைலில் இல்லாததைக் கேளுங்கள். முதல் குளிருக்கு ஜாக்கெட் யார் தந்தது, ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், அவர்களில் யார் நன்றாகச் சமைத்தார், வீட்டுக்கு முதல் கோல் எடுக்க எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார். காரில் போகும்போது கேட்டால் இன்னும் நல்லது, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. வழியெல்லாம் தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

ஃபைலை வாசித்ததை மறைக்காதீர்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று. பேசும்போது அவர் சொல்கிற திகதியும் ஃபைலில் இருக்கிற திகதியும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். தயவுசெய்து திருத்த வேண்டாம்.