வெளியிலிருந்து வீட்டு ரவுட்டருக்குள் விபிஎன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் ரவுட்டரில் விபிஎன் சர்வர் வசதி (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர வழி தருவது) இருக்கிறது. அதில் வயர்கார்டு என்ற விபிஎன் முறையை ஆன் செய்து, அது காட்டிய க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தேன். போனில் இணைந்துவிட்டதாகத்தான் காட்டுகிறது, ஆனால் வெளியே போனால் எதுவுமே திறக்கவில்லை. எங்கே கோளாறு?

பதில்: முதலில் அந்தப் பச்சை நிற ஸ்விட்சை நம்பாதீர்கள். வயர்கார்டில் ஆன் என்று காட்டினால் போன் தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டது என்று மட்டும்தான் பொருள், எதிர்முனையில் யாருமே இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் காட்டும். ஆப்பில் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் பரிமாற்றம்) எப்போது நடந்தது, எவ்வளவு டேட்டா வந்தது, எவ்வளவு போனது என்ற விவரங்கள் இருக்கும். அனுப்பியது ஏறிக்கொண்டே போய், பெற்றது 0 என்றே நின்றால் உங்கள் பாக்கெட் (போன் அனுப்பும் டேட்டா துண்டு) ரவுட்டரை எட்டவில்லை, அல்லது எட்டியும் சாவி (கருவியை அடையாளம் காட்டும் இரகசியக் குறியீடு) பொருந்தவில்லை. சாவி தவறு என்று வயர்கார்டு சொல்லாது, தெரியாதவர்களுக்குப் பதிலே தராமல் இருப்பதுதான் அதன் வடிவமைப்பு. க்யூஆர் கோடு வழியாகச் சேர்த்திருப்பதால் சாவி சரியாகவே இருக்கும், அதனால் முதல் காரணத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

சரி, அடுத்து ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து இன்டர்நெட் ஐபி என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு வைஃபையில் இருந்தபடியே, நம் ஐபியைக் காட்டும் இணையதளம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வெளியிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு வர வழி இருக்கிறது. வேறு வேறாக இருந்தால் விபிஎன் செட்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, தடை அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

ரவுட்டரில் இருக்கும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர், இந்த எண் வரிசையையே இதற்கென்று 2012இல் தனியாக ஒதுக்கினார்கள். நீங்கள் உள்ளிருந்து ஒரு தளத்தைத் திறக்கும்போது நிறுவனத்தின் கருவி அதைக் குறித்து வைத்துக்கொள்வதால் பதில் உங்களிடம் திரும்பி வருகிறது. வெளியிலிருந்து புதிதாக ஒரு பாக்கெட் வரும்போது அப்படி எந்தக் குறிப்பும் இருக்காது, யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அங்கேயே கைவிட்டுவிடும். உங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட வாசலுக்கு வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்து இதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கு முதல் வழி, இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது. கேட்டால் தருகிற நிறுவனங்கள் உண்டு, சில தனிக் கட்டணம் வாங்கும். வீட்டிலும் போனிலும் ஐபிவி6 (புதிய வகை ஐபி எண் முறை) இருந்தால் அதன் வழியாகவே இணையலாம், ரவுட்டரின் ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் காவல்) அதை அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் முடியாவிட்டால் டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற சேவைகளைப் பாருங்கள். இரண்டு முனைகளும் உள்ளிருந்து வெளியே கிளம்பி ஒன்றையொன்று கண்டுபிடிப்பதால் சிஜிநாட் இவற்றைத் தடுப்பதில்லை.

ரவுட்டரில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் இருந்தால், முன்னால் நிறுவனம் தந்த மோடமே இன்னொரு ரவுட்டராக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றலாம், இல்லையென்றால் யுடிபி 51820 போர்ட்டை மோடத்திலிருந்து உங்கள் ரவுட்டருக்குத் திருப்பிவிடலாம். வயர்கார்டுக்கு வழக்கமான போர்ட் அதுதான், டேட்டா அனுப்பும் முறையில் யுடிபிக்குப் பதில் டிசிபி என்று தேர்ந்தெடுத்தால் வேலை செய்யாது.

இன்னொன்று, சோதித்துப் பார்க்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். சில ரவுட்டர்கள் உள்ளிருந்து தங்கள் பொது ஐபிக்கே வரும் இணைப்பை ஏற்காது, அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கும் சோதனை எந்தப் பக்கமும் உறுதியாக எதையும் சொல்லாது.

கேள்வி: நேற்றுவரை நன்றாக வேலை செய்த விபிஎன் இன்று இல்லை. நான் எதையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, ஐபி மாறியிருக்கும். ரவுட்டரில் டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பெயரை அதோடு இணைத்து வைக்கும் வசதி) பகுதியில் ஒரு பெயரைப் பதிவு செய்து, போனில் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைக் கொடுங்கள். வயர்கார்டு பொதுவாக இணைப்பைத் தொடங்கும்போதுதான் பெயருக்குரிய எண்ணைத் தேடும், ஆகவே நடுவில் ஐபி மாறினால் ஒருமுறை அணைத்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பழைய ரவுட்டரில் பிபிடிபி, ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் முறைகள் இரண்டும் இருக்கின்றன. பிபிடிபி சுலபமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பிபிடிபியில் வழக்கமாகப் பயன்படும் கடவுச்சொல் முறையை ஒரே நாளுக்குள் உடைக்க முடியும் என்று 2012இலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஐபோனில் 2016லும், ஆண்ட்ராய்டில் 12ஆம் பதிப்பிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். ஓப்பன்விபிஎன் சான்றிதழ் கோப்பை ஏற்றுவது கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். ரவுட்டரின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது தவறாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு நின்றுவிடும்.

கேள்வி: இணைப்பு கிடைக்கிறது, ஹேண்ட்ஷேக்கும் நடக்கிறது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. சில இடங்களில் இருந்து முடிகிறது, சில இடங்களில் இருந்து முடியவில்லை.

பதில்: இடத்துக்கு இடம் மாறுகிறது என்று நீங்கள் எழுதியது பெரிய துப்பு. உங்கள் வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்குகிறது, நீங்கள் போயிருக்கும் இடத்து வைஃபையும் 192.168.1 என்றே தொடங்குகிறது என்று வையுங்கள். 192.168.1.20ஐத் திற என்றால் லேப்டாப் அதைப் பக்கத்திலேயே தேடும், விபிஎன் பக்கம் திரும்பவே திரும்பாது. பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற எண்ணோடுதான் வருவதால் இந்த மோதல் அடிக்கடி நடக்கிறது. வீட்டு எண்ணை 192.168.73 மாதிரி யாரும் வைக்காத ஒன்றாக மாற்றிவிடுங்கள். விபிஎன் அமைப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது, பின்னால் செய்தால் பிரிண்டர், கேமரா என்று ஐபியைக் கையால் கொடுத்த ஒவ்வொன்றையும் தேடிப்போய் மாற்ற வேண்டும், போனில் உள்ள அனுமதித்த ஐபி பட்டியலிலும் (எந்த எண்களுக்கு விபிஎன் வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல்) புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும்.

மாற்றிய பிறகும் திறக்கவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலைப் பாருங்கள். விபிஎன் வழியாக வருபவருக்கு வேறு நெட்வொர்க்கின் எண் கிடைப்பதால் விண்டோஸ் அவரை வெளியாளாகவே நினைக்கும். அப்புறம், கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டாமல் ஐபியைத் தட்டிப் பாருங்கள், பெயரைத் தேடும் அழைப்பு பெரும்பாலும் விபிஎன்னைத் தாண்டி வராது.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆன் செய்து, கேமராவுக்கு ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதாதா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளை இயந்திரங்கள் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கின்றன, நீங்கள் யார் என்று அவற்றுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் அவற்றோடு வந்த கடவுச்சொல்லை வைத்தே பிடித்தது. உங்கள் கேமராவுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள், அந்த மென்பொருளை ஊருக்கெல்லாம் திறந்துவைக்க உங்களுக்கே மனம் வராது. வயர்கார்டு போர்ட்டோ சாவி இல்லாதவருக்குப் பதிலே சொல்லாது, தேடுபவர் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

கேள்வி: வீட்டில் வேகமான இணைப்புதான், விபிஎன்னில் வந்தால் மட்டும் இழுக்கிறது.

பதில்: வெளியில் இருக்கும் உங்களுக்கு வருவதெல்லாம் வீட்டின் அப்லோட் வழியாகத்தான் வருகிறது, பல திட்டங்களில் டவுன்லோடைவிட அப்லோட் மிகக் குறைவு. போனில் அனுமதித்த ஐபி என்ற இடத்தில் 0.0.0.0/0 (எல்லா ஐபி முகவரிகளும் என்று பொருள்) இருந்தால் நீங்கள் பார்க்கும் வீடியோகூட வீட்டைச் சுற்றித்தான் வரும். வீட்டுக் கருவிகள் மட்டும் போதும் என்றால் வீட்டு நெட்வொர்க்கையும், விபிஎன்னுக்கு ரவுட்டர் தந்த எண் வரிசையையும் மட்டும் கொடுங்கள். பொது வைஃபையில் பாதுகாப்புக்காகப் போடுகிறீர்கள் என்றால் முழுவதும் வீடு வழியாகப் போவதுதான் சரி, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: போன் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: ரவுட்டரில் அந்தப் போனுக்குரிய பதிவை நீக்குங்கள், அதன் சாவி அந்த நொடியே செல்லாது. இதற்காகத்தான் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி வேண்டும் என்கிறேன். ஒரே கோப்பை வீட்டில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் ஒன்றை மட்டும் தனியாக வெட்ட முடியாது, எல்லோருக்கும் புதிதாகத்தான் போட வேண்டும்.