சுவரை விற்றுச் சாப்பிட்ட கடை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் சிகாகோ பற்றிய ஒரு பதிலில் போகிறபோக்கில் ‘சியர்ஸ் டவர்’ என்று எழுதிவிட்டேன். “அது ஏதோ கடையின் பெயராமே, அந்தக் கடை இப்போது எங்கே?” என்று கேட்டு நிறையக் கடிதங்கள். அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கடைதான். சமையல், சினிமா கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்க.

கேள்வி: நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மாலின் ஓரத்தில் நம்மூர்க் கல்யாண மண்டபம் நாலைச் சேர்த்த மாதிரி ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்தது. எழுத்துகளைக் கழற்றிய தடம் மட்டும் சுவரில் இருந்தது. “சியர்ஸ், அத்தை. ஒரு காலத்தில் இதில்லாமல் அமெரிக்காவே இல்லை” என்றார் மாப்பிள்ளை. அப்படி என்ன கடை?
— வாசகி, கும்பகோணம்

பதில்: மாப்பிள்ளை மிகைப்படுத்தவில்லை அம்மா. 1886-ல் மினசோட்டா மாநிலத்தில் ரிச்சர்ட் சியர்ஸ் என்ற ரயில் நிலைய ஊழியர் இருந்தார். உள்ளூர் நகைக்கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளிய ஒரு பெட்டி கடிகாரங்களை இவர் எடுத்து, அதே ரயில் பாதையில் வேலை பார்த்த மற்ற ஊழியர்களுக்கு விற்றார். நல்ல லாபம். ரயில் வேலையை விட்டுவிட்டு சிகாகோவுக்குப் போய், ஆல்வா ரோபக் என்ற கடிகாரம் பழுது பார்ப்பவரைச் சேர்த்துக்கொண்டார். 1893-ல், நம் விவேகானந்தர் அதே ஊரில் பேசிய வருடம், ‘சியர்ஸ், ரோபக் அண்ட் கம்பெனி’ என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு அவர்கள் விற்றது கடையில் அல்ல, தபாலில். வி.பி.பி. (பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டுவது) விளம்பரம் பார்த்துப் பொருள் வரவழைத்த தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். அமெரிக்க விவசாயிக்கு ஊரில் ஒரே ஒரு மளிகைக்கடை, அவன் சொன்னதுதான் விலை, பழைய பாக்கி இருந்தால் முகம் கொடுத்துக்கூடப் பேசமாட்டான். அந்த வீட்டுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு கேட்டலாக் வந்து விழுகிறது: உழவுச் சாமான், தையல் மெஷின், பியானோ, கவுன், மருந்து, எல்லாம் படத்தோடும் விலையோடும். 1913-ல் அரசாங்கம் பார்சல் தபாலைத் தொடங்கியதும் கேட்கவே வேண்டாம். தென் மாநிலங்களில் கடைக்குள் நுழைந்தால் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்து முடியும்வரை ஓரமாக நிற்கவேண்டியிருந்த கறுப்பின மக்களுக்கு இந்தப் புத்தகம் வேறொரு விதத்தில் உதவியது. தபால் உறை மேல் தோலின் நிறம் தெரியாதே.

1925-ல்தான் முதல் கடை திறந்தார்கள். பிறகு அதுவே பிரதானமாகி, புறநகர் மால்களில் எல்லாம் ஒரு முனையில் சியர்ஸ் என்று ஆனது. 1973-ல் சிகாகோவில் ‘சியர்ஸ் டவர்’ என்ற 110 மாடிக் கட்டடம் கட்டி முடித்தார்கள், 1998 வரை உலகிலேயே உயரமானது அதுதான். அதன் கட்டுமானப் பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். இன்று அந்தக் கட்டடத்துக்கு வில்லிஸ் டவர் என்று பெயர்.

கேள்வி: வீட்டையே தபாலில் விற்றார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா, வழக்கமான புருடாவா?
— வாசகர், ஓசூர்

பதில்: உண்மை. வாட்ஸ்அப்பும் எப்போதாவது உண்மை சொல்லும். 1908 முதல் 1940 வரை ஏறக்குறைய 70,000 வீடுகள் அப்படிப் போயின. கேட்டலாக்கில் பிடித்த வீட்டைத் தேர்ந்தெடுத்தால் அளவாக அறுத்து எண் போட்ட மரம், ஆணி, கதவு, பெயிண்ட் என்று முப்பதாயிரம் துண்டுகள் வரை ரயிலில் வந்து இறங்கும், கூடவே எப்படிக் கட்டுவது என்று ஒரு புத்தகம். கடனும் அவர்களே கொடுத்தார்கள். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் தவணை கட்டமுடியாதவர்களின் வீட்டைத் திரும்ப எடுக்கவேண்டி வந்தது. சொந்த வாடிக்கையாளரின் வீட்டை ஜப்தி செய்கிற கடைக்கு என்ன பெயர் கிடைக்கும்? அந்த வீடுகளில் பல இன்னும் நிற்கின்றன.

கேள்வி: நான் பி.காம். படிக்கிறேன். அமேசான் வந்ததால் சியர்ஸ் செத்தது என்று எங்கள் சார் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவுதானா?
— மாணவர், திருநெல்வேலி

பதில்: பரீட்சையில் சார் சொன்னதையே எழுதிவிடுங்கள், மார்க் முக்கியம். ஆனால் தேதிகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். சியர்ஸ் தன் பெரிய கேட்டலாக்கை நிறுத்துவதாக அறிவித்தது 1993 ஜனவரியில். அமேசான் பிறந்தது 1994-ல். வீட்டிலிருந்தே ஆர்டர் வாங்கி, கிடங்கிலிருந்து எடுத்து, பார்சல் கட்டி அனுப்புகிற வேலையை நூறு வருடம் செய்து பழகியவர்கள், அந்த வேலைக்கு மறுபடி காலம் வருவதற்குச் சற்று முன்னால் கையைக் கழுவிவிட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, கணினி வழியே விற்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. ஐ.பி.எம். நிறுவனத்தோடு கூட்டாக ‘ப்ராடிஜி’ என்ற இணையச் சேவையையே நடத்தினார்கள். 1996-ல் தங்கள் பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார்கள்.

நியாயமாகப் பேசினால், அன்று அந்த முடிவை எடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. கேட்டலாக் நஷ்டத்தில் ஓடியது. அதோடு சேர்த்து 113 கடைகளை மூடி, 50,000 பேரின் வேலையைக் குறைத்தபோது பங்குச் சந்தை கைதட்டியது, அடுத்த சில வருடங்கள் லாபமும் வந்தது.

நோய் அதற்கும் முன்னாலேயே தொடங்கியது. 1980-களில் சியர்ஸ்காரர்களுக்குக் கடை சலித்துவிட்டது. 1931-லேயே தொடங்கிய ஆல்ஸ்டேட் காப்பீடு ஏற்கெனவே கையில் இருக்க, 1981-ல் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றையும் வீட்டு மனை விற்கிற நிறுவனம் ஒன்றையும் வாங்கினார்கள், 1985-ல் டிஸ்கவர் கிரெடிட் கார்டு. அங்கே சாக்ஸும் வாங்கலாம் ஷேரும் வாங்கலாம் என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். அதே நேரத்தில் ஆர்கன்சாவிலிருந்து வால்மார்ட் சின்னச் சின்ன ஊராகப் பிடித்து, சரக்கு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணினியில் கணக்கு வைத்து, செலவைக் குறைத்து விலையைக் குறைத்துக்கொண்டு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் சியர்ஸ் முதலிடத்தை இழந்தது வால்மார்ட்டிடம்தான். பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு ஹோம் டிப்போ, லோஸ், பெஸ்ட் பை என்று தனித்தனிக் கடைகள் மாலுக்கு வெளியே பெரிய பார்க்கிங்கோடு வந்தன. அமேசான் வந்து சேரும்போது நோயாளி ஏற்கெனவே படுக்கையில்.

கேள்வி: எட்டி லாம்பெர்ட் என்பவர்தான் கடையைச் சூறையாடினார் என்று என் தம்பி டெக்சாஸிலிருந்து திட்டுகிறான். யார் அவர்? வில்லனா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வில்லனா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

லாம்பெர்ட் கடைக்காரர் இல்லை, முதலீட்டு நிதி நடத்துபவர். 2003-ல் அவரைச் சிலர் கடத்திக்கொண்டு போனார்கள். கடத்தியவர்களிடமே பேரம் பேசி வெளியே வந்தார், அப்படிப்பட்ட ஆள். 2002-ல் கேமார்ட் என்ற கடைச் சங்கிலி திவாலானபோது அதன் கடன் பத்திரங்களை மலிவாக வாங்கி அதைக் கைப்பற்றினார். அந்தக் கேமார்ட்டை வைத்து சியர்ஸை வாங்குவதாக 2004-ல் அறிவித்தார், ஏறத்தாழ 1,100 கோடி டாலர். 2005-ல் இரண்டும் ஒன்றாயின. தடுமாறுகிற இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தால் நேராக நடப்பார்கள் என்று அன்று பலர் நம்பினார்கள். 2007-ல் பங்கு விலை 190 டாலரைத் தாண்டியது, பெயர்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டுக்கு அடுத்தவர் இவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின.

என் பார்வையில் எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான். அவர் கடையைக் கடையாகப் பார்க்கவில்லை. மனையாக, பிராண்டாக, கணக்குத் தாளில் ஒரு வரியாகப் பார்த்தார். போட்டிக் கடைகள் தரையை மாற்றி, விளக்கை மாற்றி, வரிசையை மாற்றிக்கொண்டிருந்த வருடங்களில் இங்கே அந்தச் செலவு அடிமட்டத்தில் இருந்தது. கையில் இருந்த காசில் சுமார் 600 கோடி டாலரைச் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதில் போட்டார்கள். 2008-ல் நிறுவனத்தை முப்பது சொச்சம் பிரிவுகளாக வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி லாப நட்டக் கணக்கு, போட்டி இருந்தால் எல்லோரும் நன்றாக உழைப்பார்கள் என்று சித்தாந்தம். கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அடுப்பு கொடுத்து, அரிசியை மட்டும் பொதுவில் வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. விளம்பரத் தாளில் இடம் பிடிக்கப் பிரிவுகள் அடித்துக்கொண்டதில், அன்னையர் தினத் தாளின் முகப்பில் பையன்கள் ஓட்டுகிற மினி பைக் வந்தது என்று செய்தி. எந்த அம்மா கேட்டார் என்று தெரியவில்லை.

அப்புறம் விற்பனை தொடங்கியது, சாமான்களை அல்ல. 2014-ல் லேண்ட்ஸ் எண்ட் துணி நிறுவனத்தைப் பிரித்தார்கள். 2015-ல் 235 கடை இடங்களை செரிடேஜ் என்ற புது நிறுவனத்துக்கு 270 கோடி டாலருக்கு விற்றார்கள், பிறகு அதே இடங்களில் பலவற்றில் வாடகைக்கு உட்கார்ந்தார்கள். அந்தச் செரிடேஜின் தலைவராக அப்போது இருந்தவரும் லாம்பெர்ட்தான். சொந்த வீட்டை விற்று, அதே வீட்டில் குடியிருந்து, வாடகையை அண்ணனுக்குக் கட்டுவது போல. 2017-ல் சியர்ஸின் சொந்தப் பிராண்டான, பேர்பெற்ற கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவி நிறுவனத்துக்குப் போயின. இடையிடையே லாம்பெர்ட்டின் நிதியே நிறுவனத்துக்குக் கடனும் கொடுத்தது, சொத்தை ஈடாக வைத்துக்கொண்டு. 2018 அக்டோபர் 15 அன்று 13.4 கோடி டாலர் தவணை ஒன்று கட்டவேண்டியிருந்தது. கட்டமுடியவில்லை, திவால் மனு போட்டார்கள். அன்றைக்கு மீதி இருந்தவை 687 கடைகள்.

அவர் தரப்பு என்ன சொல்கிறது? ஓய்வூதியத்துக்கே கோடிக்கணக்கில் கட்டினோம், என் பணமும் போயிற்று, காப்பாற்றத்தான் பார்த்தேன் என்கிறார். பணம் போனது உண்மை. சொத்துகளைத் தனக்கு வேண்டியவர்கள் பக்கம் ஒதுக்கினார் என்று போட்ட வழக்கு 2022-ல் 17.5 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தே வந்தார். திருடன் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கடை நடத்தத் தெரியாதவர் என்று சொல்ல ஆதாரம் தேவையில்லை.

கேள்வி: வேலை பார்த்தவர்கள் கதி?
— ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை ஊழியர், மதுரை

பதில்: உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது ஐயா. 1916-லேயே லாபத்தில் பங்கு கொடுக்கும் திட்டம் அங்கே இருந்தது. கவுன்டரில் நின்று விற்றவர்கள் கம்பெனிப் பங்குகளோடு வசதியாக ஓய்வு பெற்ற காலம் ஒன்று உண்டு. திவாலானபோது இருந்தவர்கள் 68,000 பேர். வேலை போகும்போது தரவேண்டிய இறுதிப் பணம் கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் அவர்களில் பலர். அந்த டிசம்பரிலேயே மேல்மட்ட அதிகாரிகளுக்கு இரண்டரைக் கோடி டாலர் வரை ஊக்கத்தொகை கொடுக்க நீதிமன்றம் அனுமதி தந்தது, இருந்து நடத்த ஆள் வேண்டுமாம். சுமார் 90,000 பேரின் ஓய்வூதியத்தை அரசுக் காப்பீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது, அந்த மட்டில் பிழைத்தார்கள். கனடாவில் தனி நிறுவனமாக இருந்த சியர்ஸ் 2018 ஜனவரியில் கடைசிக் கடையையும் மூடியது. அங்கே ஓய்வூதிய நிதியில் பற்றாக்குறை, வயதானவர்களுக்கு மாதப் பணமே குறைந்தது.

கேள்வி: இத்தனை முதலாளிகளில் ஒருவராவது உருப்படியாக எதையாவது செய்தாரா?
— வாசகி, சேலம்

பதில்: ஜூலியஸ் ரோசன்வால்ட். 1895-ல் பங்குதாரராக வந்து கம்பெனியைப் பெரிதாக்கியவர். தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்ப உதவினார். முழுப் பணமும் தரமாட்டார், ஊராரும் சேர்ந்து போடவேண்டும். பருத்தி விற்ற காசை, கோழி விற்ற காசை அவர்கள் போட்டார்கள்.

கேள்வி: இப்போது ஒரு கடையாவது இருக்கிறதா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: 2019-ல் லாம்பெர்ட்டே 520 கோடி டாலர் பேரத்தில் 425 கடைகளைத் திரும்ப வாங்கினார். அவையும் கரைந்து, இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறந்த மாநிலம் போன்ற, சிகாகோ இருக்கிற இல்லினாயில் கடைசிக் கடை 2021-லேயே போய்விட்டது. ஆனால் மெக்சிகோவுக்குப் போனால் சியர்ஸ் ஜோராக நடக்கிறது. அது மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம்மின் குழுமத்துடையது, அமெரிக்கக் கம்பெனியின் கையில் இல்லை. அங்கே மால் காலியாகவில்லையா, அங்கே இணையம் இல்லையா என்று திருநெல்வேலி மாணவர் தன் சாரிடம் பணிவாகக் கேட்கலாம்.

கேள்வி: அண்ணன் 1990-களில் கொண்டுவந்த கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பேனர் செட் என்னிடம் இருக்கிறது. உடைந்தால் ஆயுள் முழுக்கப் புதிதாக மாற்றித் தருவார்கள் என்றான். இனி யாரிடம் போவது?
— ஒர்க் ஷாப் வைத்திருப்பவர், சிவகாசி

பதில்: சியர்ஸ் அந்த வாக்கைக் காப்பாற்றியது. ரசீதுகூடக் கேட்காமல் மாற்றிக்கொடுத்தார்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று தலைமுறை அங்கே போனது. இப்போது அந்தப் பெயர் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரிடம் இருக்கிறது, லோஸ் கடைகளில் விற்கிறார்கள். அண்ணன் இன்னும் அங்கேயே இருந்தால், உடைந்ததைக் கொடுத்தனுப்பிப் பாருங்கள். என் சித்தப்பா கொண்டுவந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று என் வீட்டிலும் கிடக்கிறது. உடைகிற வழியாக இல்லை.