ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றியது லாரிக்குக் காசில்லாமலா?

இல்லைங்க. ஆப்பிள் என்பது இஸ்ரோ செய்த தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். அது மாட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கும் படம் வருஷா வருஷம் வாட்ஸப்பில் "அன்று மாட்டு வண்டி, இன்று நிலா" என்று சுற்றி வரும். படம் நிஜம். அடியில் எழுதுகிற கதைதான் பிசகு.

எங்கள் வீடு உசிலம்பட்டிப் பக்கம், தேனி ரோட்டை ஒட்டி. கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனா கட்டியிருந்தோம். எதிர் டீக்கடையில் ஒரு லாரி வந்து நின்றால் போதும், செய்தி வாசிக்கிறவர் பக்கத்தில் மங்கலாக இன்னொரு தலை முளைத்துவிடும். லாரி கிளம்பினால் அந்தத் தலையும் கிளம்பிவிடும். டிவி மெக்கானிக் அண்ணன்தான் சொன்னார்: "நேரா வர்ற அலை ஒண்ணு, லாரித் தகரத்துல மோதிச் சுத்தி வர்றது ஒண்ணு. ரெண்டும் சேந்தா ரெண்டு தலைதான் தம்பி." மாமா வைக்கோல் வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு டீ குடிப்பார். டிவியில் ஒரு அசைவும் இருக்காது.

ஆப்பிளுக்கும் கிட்டத்தட்ட இதே சங்கதி. தரையிலிருந்து கட்டளை வாங்கிப் பதில் அனுப்பும் ஆன்டெனாவைத் திறந்த வெளியில் சோதித்துப் பார்க்கணும். லாரி மேல் வைத்தால் அளப்பது செயற்கைக்கோளையா, லாரியையா என்றே தெரியாது. காந்தக் குறுக்கீடு இல்லாத சூழலுக்காகத்தான் வண்டி என்று இஸ்ரோவே சொல்கிறது. வண்டியிலும் இரும்பு அச்சு இருக்கே என்பீர்கள். இருக்கு, லாரிக்கு முன்னால் அது கொசுறு.

காசு மிச்சம் பிடித்தது வேறு இடத்தில். ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட் அப்போது சோதனை ஓட்டத்தில் இருந்தது, அதில் ஓசியில் இடம் கிடைத்தது. ஓசி என்றாலும் லேசுப்பட்ட சவாரி இல்லை. 1980 மே மாதம் அதன் இரண்டாவது ஓட்டம் தோல்வி. மூன்றாவதில், 1981 ஜூன் 19 அன்று, ஆப்பிள் போனது. பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும் புவிநிலைப் பாதைக்குத் தள்ளிவிட்டது நம் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் நாலாம் கட்ட மோட்டார். மேலே போனதும் சூரியத் தகடு இரண்டில் ஒன்று விரியவே இல்லை. பாதி மின்சாரத்தை வைத்துக்கொண்டு 2 வருஷத்துக்கு மேல் டிவி, ரேடியோ ஒலிபரப்புச் சோதனைகளை ஓட்டினார்கள். எனக்கு வண்டியை விட இதுதான் பெரிய விஷயம். அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

போன பொங்கலுக்கு மாமாவிடம் படத்தைக் காட்டினேன். "எம்புட்டு வெயிட்டுடா?" என்றார். ஏவும்போது 670 கிலோ என்றேன். விரல்விட்டு எண்ணினார். "ஒம்போது நெல்லு மூட்டை. இதுக்குப் போயி எவனாச்சும் லாரி பிடிப்பானா?"